தாய்வழி வந்தது

மனோஜ்குமாரின் கண்ணில் முதலில் வெளுத்தது சிவப்பு நிறம்தான்.

கோயமுத்தூர் கணபதியில், வீட்டுக்குப் பின்னாலேயே அவன் அப்பா பாலுசாமியின் மோட்டார் பட்டறை. இஞ்சினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மனோஜ் லீவு நாட்களில் அங்கே போய் நிற்பான். அந்த ஆடி மாதம் ஒருநாள் சிவப்பு வயரையும் பழுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். "கண்ணை எங்கடா வெச்சிருக்கே?" என்று பாலுசாமி சத்தம் போட்டார். அடுத்த வாரம் பைக்கில் போனவன் நேர் எதிரே நின்ற தள்ளுவண்டியில் கொண்டுபோய் இடித்தான். முழங்காலைக் கழுவிவிட்ட அம்மா சாந்தாமணியிடம் வலது கண்ணில் மட்டும் கொஞ்சம் மங்கல் என்றான்.

ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் இடது கண்ணும் அதேபோல ஆயிற்று. ஒருநாள் காலை இட்லித் தட்டை வாங்கும்போது அவன் சொன்னான்.

"அம்மா, உன்ற மூஞ்சி தெரியல."

"என்ன கண்ணு சொல்றே?"

"தோடு தெரியுது. தோள்பட்டை தெரியுது. நடுவுல மூஞ்சி இருக்கற எடத்துல வெறும் பொகையா இருக்குது."

சாந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் ஹுமேராவிடம் போனார்கள். கோட்டைமேட்டில் ஓர் அத்தர் வியாபாரியின் மகளாகப் பிறந்து, கண் நரம்பு நோய்களுக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவர் அவர். பாலுசாமியின் அக்கா முத்தாத்தாளும் கூட வந்திருந்தாள். பெருந்துறையில் தோட்டம் துரவோடு இருந்தவள். தம்பி வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்பது அவள்தான். போதாததற்கு, மனோஜின் தங்கை லோகப்பிரியாவை முத்தாத்தாளின் மகன் சுப்பையனுக்குத் தை மாதம் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு.

டாக்டர் ஹுமேரா அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வட்டம் ஒன்று போட்டார்.

"கண்ணுல கோளாறு இல்லீங்க. கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு வாடிப்போச்சு. ஏன்னு சொல்றேன். இது ஒரு செல்லுன்னு வெச்சுக்குங்க. நம்ம உடம்பு இந்த மாதிரி கோடானுகோடி செல்லால ஆனது. நடுவுல இருக்கற இதுதான் உட்கரு. அப்பா ஜாடை, அம்மா ஜாடை எல்லாம் இதுக்குள்ள இருக்கு. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பாதிப்பாதி வந்திருக்கும்."

உட்கருவைச் சுற்றிக் காராமணி விதை மாதிரி சின்னச் சின்னதாக வரைந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் மடிப்பு மடிப்பாகக் கோடு இழுத்தார்.

"இதுக்குப் பேரு மைட்டோகாண்ட்ரியா. இழைமணின்னு தமிழ்ல சொல்வாங்க. நாம திங்கற சோத்தையும் இழுக்கற மூச்சையும் சேர்த்து, செல்லுக்கு வேணுங்கற சக்தியா மாத்திக் குடுக்கறது இதுதான். ஒரு செல்லுக்குள்ள நூத்துக்கணக்குல இருக்கும்."

"கரண்டு மாதிரிங்களா?" என்றார் பாலுசாமி.

"அப்படியே வெச்சுக்கலாம். தம்பிக்கு அதுல கொஞ்சம் லோ வோல்டேஜ். கை காலுக்கெல்லாம் அது போதும். கண் நரம்பு ரொம்ப இழுக்கற நரம்பு, அதுக்கு மட்டும் பத்தல."

"மாத்திரை எழுதிக் குடுங்க, எங்க கிடைச்சாலும் வாங்கியாந்தர்றோம்."

டாக்டர் தலையை அசைத்தார். "மருந்து இன்னும் கண்டுபிடிக்கலீங்க. சில பேருக்குத் தானாக் கொஞ்சம் தெளியும். நிச்சயமாச் சொல்ல முடியாது. பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை. ரத்தத்தை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பார்த்துருவோம். ஆனா இதுதான்னு எனக்குச் சந்தேகமில்லை."

"எதனால வந்ததுங்க?" என்று முத்தாத்தாள் குறுக்கே கேட்டாள்.

"இழைமணிக்குன்னு தனியா ஒரு துளி மரபுப்பொருள் உண்டு. அதுல ஒரே ஒரு எடம் மாறிப்போயிருக்கு. உட்கரு மாதிரி அது ரெண்டு பக்கமிருந்தும் வராது. கருமுட்டையோட வர்றது மட்டும்தான் நிக்கும். தாய்வழிதான்."

அதற்குமேலும் டாக்டர் நிறையச் சொன்னார். மாறிய இழைமணி இருக்கிறவர்கள் எல்லோருக்கும் பார்வை போய்விடாது, பெண்களுக்கு வருவது குறைவு, பீடி சிகரெட்டும் சாராயமும் பக்கத்தில் வரக்கூடாது, மனோஜுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு இது போகாது. முத்தாத்தாளின் காதில் ஒரே ஒரு சொல்தான் ஏறியது. திரும்பிச் சாந்தாமணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"கேட்டுக்கிட்டயா தம்பி? தாய்வழியாமா. நம்ம பக்கம் ஒரு பழுதும் இல்லை. பத்து தலைமுறையா நம்ம ஊட்டுல ஒருத்தனுக்குக் கண்ணாடி போட்டதில்லை. எங்கிருந்தோ ஒரு வெசத்தைக் கொண்டுவந்து நம்ம ஊட்டுக்குள்ள வெச்சுப்போட்டா இவ."

பாலுசாமி சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"லோகுவைச் சுப்பையனுக்குக் கட்டற பேச்சுப் பழமை இன்னையோட முடிஞ்சுது. என்ற பேரன் பேத்தி குருடாத் திரியறதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை. ஆனா ஒண்ணு, நான் கை உட்ற மாட்டேன். நம்மளைத் தெரியாத ஊர்ல, தாராபுரம் பக்கம், ஒரு நல்ல எடமாப் பாத்துக் குடுக்கறேன். யாரு கேட்டாலும் பையனுக்கு வெல்டிங் பொறி அடிச்சுப்போட்டுதுன்னு சொல்லுங்க. இந்தத் தாய்வழிப் பேச்சு வாசல் நெலவைத் தாண்டப்படாது."

லோகப்பிரியா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பி.எஸ்.சி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள். சுப்பையன் மேல் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆனாலும் தன்னை யாரோ மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தள்ளியதுபோல இருந்தது அவளுக்கு.

அதன்பிறகு சில நாட்கள் சாந்தாமணிக்குத் தன் கையைப் பார்த்தாலே பயமாக இருந்தது. சோறு பிசைந்தால், இந்தக் கை தொட்டதாலும் ஏதாவது ஆகுமோ என்று தோன்றும். மனோஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். பாலுசாமி அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "தண்ணி வேணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

மனோஜ்தான் ஒருநாள் வீட்டுக்குப் பின்புறம் பொடக்காலியில் அவளை மடக்கினான்.

"ஏம்மா என்னையக் கண்டா ஓடறே?"

"நான் குடுத்த வெசம்டா தம்பி அது."

"யாரு வெசம்னு சொன்னது? அத்தை சொன்னா? லோகுவைக் கேளு, அவ படிச்சிருக்கா."

லோகப்பிரியா பரணில் கிடந்த தன் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைத் தட்டி எடுத்து வந்தாள். செல்லின் படத்தில் விரலை வைத்தாள்.

"இதாம்மா இழைமணி. செல்லின் ஆற்றல் நிலையம் எது? ரெண்டு மார்க் கேள்வி. நானே எழுதி மார்க் வாங்கியிருக்கேன். இது நம்மளுக்குள்ள இருக்குதுன்னு அப்பத் தோணவே இல்லை."

சாந்தாமணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "எனக்கு இதை யாரு குடுத்தது?"

"அம்முச்சி. உங்கம்மா."

"அம்முச்சிக்கு?"

"அவங்கம்மா."

"அப்ப உங்கத்தைக்கு?"

"அத்தைக்கு அப்பத்தா குடுத்தது."

"உங்கப்பனுக்கு?"

"அப்பனுக்கும் அதே அப்பத்தாதாம்மா. எல்லா மனுசனுக்கும் அவங்கவங்க அம்மா குடுத்ததுதான். ஆம்பளைகளுக்கும் இருக்கும், ஆனா அவங்களால குடுக்க முடியாது."

"எல்லாமே ஆத்தா குடுத்ததா? நடக்கறதுக்கும், மூச்சு உடறதுக்கும், பேசறதுக்கும் வேணுங்கற சக்தி எல்லாம்?"

"எல்லாந்தான்."

சாந்தாமணி புத்தகத்தை மூடி மகளிடம் கொடுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முதுகு நிமிர்ந்தது. "இத்தனை நாளா உங்கத்தை என்னைய வைய்யறதுக்குத் தெம்பு அவிய ஆத்தா குடுத்தது. அவளுக்கு மட்டும் தாய்வழி இனிக்குது, என்றது கசக்குதா?" என்றாள்.

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரத்துக்குப் போனாள். டாக்டர் ஹுமேரா அவளைத் தனியாகப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணி இது வந்ததுங்களா? மாசமா இருக்கறப்ப எதையாச்சும் தின்னு..."

"ஒண்ணுமே இல்லீங்கம்மா. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குள்ள இருந்தது. உங்கம்மாவும் தெரிஞ்சு குடுக்கலை. சக்தியைக் குடுத்தாங்க, அதோட இதுவும் வந்துருச்சு." சற்று நிறுத்தி, "உங்கம்மா வழியில வேற யாருக்காச்சும் சின்ன வயசுல பார்வை போயிருக்குதுங்களா? மாமன், பெரியம்மா பசங்க, இந்த மாதிரி?" என்றார்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டாள்.

"ஒருத்தர் இருக்காருங்க. எங்கம்மாவோட தம்பி. நாச்சிமுத்து மாமன். பவானியில இருக்காரு. ஆனா அது வேறீங்க. கள்ளச்சாராயம் குடிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டாருன்னு சொல்வாங்க."

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

"கல்யாணமாகி ஒரு வருசம் இருக்கும். இருபது, இருபத்திரெண்டு."

"அவர் குடிச்சதை யாராச்சும் பாத்தாங்களா?"

சாந்தாமணி பிறப்பதற்கு முன் நடந்தது அது. வீட்டில் அந்தப் பெயரை எடுத்தாலே அவள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். சீர், நோம்பி, பண்டிகை எதற்கும் அவரை அழைத்ததில்லை. ஒரே ஒரு முறை, பவானி கூடுதுறையில் குளிக்கப் போன இடத்தில், தூரத்தில் காட்டினார்கள். "கண்ணு தெரியாதுங்கறான், ஆனா செவுத்துல முட்டாம நடக்கறான் பாரு, எல்லாம் வேசம்" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஓரம் தெரியும், நடு தெரியாதுன்னா முட்டாமத்தான் நடப்பாங்க" என்றார் டாக்டர் மெதுவாக. "உங்க பையனும் அப்படித்தானே நடக்கறாரு?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே மனோஜைக் கூட்டிக்கொண்டு சாந்தாமணி பவானிக்குப் போனாள். விசாரித்துக்கொண்டே போனதில் ஜமக்காளம் நெய்கிற ஒருவரின் கொட்டகையில் நாச்சிமுத்து இருந்தார். ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. அறுபது கடந்த உடம்பு, ஒடிசலாக, நேராக இருந்தது. பேச்சு கொடுத்தவளை அவர் நேராகப் பார்க்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் பார்த்தார். மனோஜ் இப்போது பார்க்கிற அதே பார்வை.

"மாமா, நான் சாந்தாமணிங்க. உங்கக்கா மக."

அவர் கை ராட்டையில் நின்றது. "அக்கா செத்ததைக்கூட எனக்கு யாரும் சொல்லல. பொறகால சந்தையில கேள்விப்பட்டேன்" என்றார்.

அவள் தன் மகனை முன்னால் நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னாள். மனோஜ் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்புச்சி, உங்களுக்கு நேராப் பாத்தா என்னங்க தெரியும்?"

"நேராப் பாத்தா ஆளைக் காணோம். சித்தே முகத்தைத் திருப்பினா ஓரத்துல நிப்பாங்க."

"நடுவுல கருப்பாங்களா?"

"கருப்பில்ல சாமி. பனி மாதிரி. மார்கழிப் பனி."

"எனக்கும் அதேதாங்க. மொதல்ல சிவப்புத்தான் போச்சு."

"ஆமா! ஆமா சாமி!" பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுக்காரி சிவப்புச் சீலை கட்டிக்கிட்டு நின்னா. பழுப்புச் சீலை நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். கேலி பண்றேன்னு நெனைச்சா. எத்தனையோ பேர்கிட்டச் சொல்லிப் பாத்தேன், ஒருத்தனும் நம்பலையே!"

"நீங்க குடிச்சீங்களா மாமா?" என்று சாந்தாமணி கேட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"பச்சைத் தண்ணியைத் தவிர வேறொண்ணை நான் குடிச்சதில்லை அம்மணி. எங்கப்பன் முன்னாடி கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினேன். செருப்பைக் கழட்டிட்டு அடிச்சாரு. ஊட்டுக்காரி பொறந்த ஊட்டுக்குப் போனவ திரும்பி வரவே இல்லை. இப்ப சொல்லு, எதனால போச்சு என்ற கண்ணு?"

டாக்டர் தனக்குச் சொன்னதை, மகள் புத்தகத்தில் காட்டியதை, தன் வாயால் அவருக்குச் சொன்னாள் சாந்தாமணி. செல், அதற்குள் இழைமணி, அதில் ஓர் இடம் மாறியது, அது அவர் ஆத்தாவிடமிருந்து அவருக்கும் அக்காவுக்கும் வந்தது, அக்காவிடமிருந்து தனக்கு, தன்னிடமிருந்து இவனுக்கு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது கோர்வையாக வந்தது.

நாச்சிமுத்து எழுந்து, சுவரைத் தடவாமலேயே வாசலுக்குப் போனார். எதிர் டீக்கடையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய், கேட்டுக்குங்கடா எல்லாரும்! நான் குடிகாரன் இல்லடா! என்ற செல்லுல கோளாறுடா! டாக்டரே சொல்லிட்டாங்கடா!"

டீக்கடையில் இருந்தவர்கள் விழித்தார்கள். அவரைக் குடிகாரன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "உன்னைய அங்க எவ வெசம்னு சொன்னா? என்னைய அவகிட்டக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

கணபதியில் தன் வீட்டு வாசலில் அவரைப் பார்த்த பாலுசாமி திகைத்துப்போனார். ஆனால் வீடு தேடி வந்தவரைப் போகச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கட்டில் போட்டுக் கொடுத்தார். ஹைதராபாத்திலிருந்தும் முடிவு வந்தது. டாக்டர் ஹுமேரா சொன்னதுதான் சரி.

கார்த்திகையில் முத்தாத்தாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தாராபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். காலையிலேயே வந்து இறங்கியவள், வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் பவானி நாச்சிமுத்து என்று கேட்டறிந்ததும் நெருப்பை மிதித்தவள்போல நின்றாள்.

"இந்தக் குடிகாரனை எதுக்கு ஊட்டுக்குள்ள ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"அவரு குடிகாரர் இல்லீங்க நங்கையா. என்ற மாமன்" என்றாள் சாந்தாமணி நாத்தனாரிடம்.

"என்னமோ போ. ரெண்டு பேரையும் பட்டறைக்குள்ள உட்டுக் கதவைச் சாத்து. அவிய போற வரைக்கும் வெளிய தலை காட்டப்படாது."

சாந்தாமணி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. மகளிடம் போய், "உனக்கு என்ன தோணுது கண்ணு? உன்ற வாழ்க்கை. நீ மறைக்கச் சொன்னா நான் வாயைத் தொறக்கமாட்டேன்" என்றாள்.

தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த லோகப்பிரியா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள், "அண்ணனைப் பட்டறையில பூட்டி வெச்சுட்டுத்தான் எனக்குக் கல்யாணம் ஆகணும்னா, அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்மா."

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி, அப்பா, இன்னும் நாலைந்து உறவுக்காரர்கள். பஜ்ஜியும் கேசரியும் வந்தன. பையன் அடக்கமானவனாகத் தெரிந்தான். பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பொண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்கறதாச் சொன்னீங்களே, எங்கீங்க காணோம்?" என்று ரங்கநாயகி கேட்டாள்.

"அவனுங்களா? காலேஜ் வேலையா மெட்ராஸ் போயிருக்கான்" என்றாள் முத்தாத்தாள், கண் சிமிட்டாமல்.

சாந்தாமணி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்க. ஊட்லதான் இருக்கான்."

பட்டறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். மனோஜ் வந்தான். அவன் தோளில் கை வைத்தபடி நாச்சிமுத்துவும் வந்தார். இரண்டு பேரையும் எல்லோருக்கும் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். முத்தாத்தாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"இவன் என்ற பையன் மனோஜ்குமார். அவரு என்ற மாமன். ரெண்டு பேருக்கும் நேராப் பாத்தாக் கண்ணு தெரியாதுங்க. வெல்டிங் பொறி படலை, சாராயம் குடிக்கலை. எங்க உடம்புல செல்லுக்குள்ள இழைமணின்னு ஒண்ணு இருக்குது, எல்லாருக்கும் இருக்கறதுதான். எங்களுக்கு அதுல ஒரு கோளாறு. அம்மா வழியா வரும். எனக்குள்ள இருக்குது, என்ற பொண்ணுக்குள்ளயும் இருக்குது. தெரிஞ்சு கட்டறவங்களுக்குத்தான் குடுப்போம்."

மாப்பிள்ளைப் பையன் லோகப்பிரியாவைப் பார்த்து, "உங்களுக்கும் கண்ணு போயிருமுங்களா?" என்று கேட்டான். குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது.

"போகலாம், போகாமயும் இருக்கலாம். பொண்ணுகளுக்குக் கம்மின்னு சொல்றாங்க. எனக்குப் பொறக்கற எல்லாத்துக்கும் இது இருக்கும். அதுல எத்தனை பேருக்குக் கண்ணுல காட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள் லோகப்பிரியா. தலையைக் குனியவில்லை.

ரங்கநாயகி எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். வாசல்படியில் நின்று அவள் சாந்தாமணியின் கையைப் பிடித்தாள். "மறைச்சுக் கட்டிக் குடுத்திருந்தா நான் உங்க வம்சத்தையே சபிச்சிருப்பேன். சொல்லிட்டீங்க. ஆனா எனக்கு இருக்கறது ஒரே பையனுங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் தெருமுனை திரும்பியதும் முத்தாத்தாள் வெடித்தாள்.

"மானத்தை வாங்கிட்டாளேடா தம்பி! நல்ல எடத்தைக் காலால எட்டி ஒதைச்சுப்போட்டாளே! இவளும் இவ பெத்ததுகளும் இந்த வம்சத்துக்குப் பிடிச்ச சீக்கு. கொண்டுபோய் இவளை இவ அப்பன் ஊட்டுல தள்ளு!"

சாந்தாமணி அவள் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நங்கையா, நீங்க இப்ப என்னைய வைய்யறீங்களே, அதுக்கு மூச்சு புடிக்கற சக்தி உங்களுக்கு எங்கிருந்து வந்துது? உங்காத்தாகிட்ட இருந்து. அவியளுக்கு அவிய ஆத்தாகிட்ட இருந்து. உங்க தம்பி லேத்துப் புடிக்கற கையும் அப்படித்தான். உங்கப்பன், பாட்டன், பத்து தலைமுறை ஆம்பளை, ஒருத்தர்கூட அதுல ஒரு துளி குடுக்கலை. என்ற பசங்க பொறந்தது, தவழ்ந்தது, ஓடுனது, படிச்சது அத்தனைக்கும் தெம்பு நான் குடுத்தது. அதுல ஒண்ணு கோளாறாப் போச்சு. போச்சுன்னு ஒத்துக்கறேன். ஆனா வெசம்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா, இந்த ஊட்டு நெலவை மிதிக்காதீங்க."

நாச்சிமுத்து பெஞ்சில் தட்டினார். "அப்படிச் சொல்லு அம்மணி!"

முத்தாத்தாள் தம்பியைப் பார்த்தாள். "பாத்துக்கிட்டு நிக்கறயேடா. நீ என்ன சொல்றே?"

பாலுசாமி பஜ்ஜித் தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். இத்தனை நாளாகச் சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர், கடைசியில் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தன் மகனுக்கு அது இனித் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, பெருந்துறை பஸ்ஸுக்கு நேரமாச்சு. வா, நான் கொண்டுவந்து ஏத்தி உடறேன்" என்றார்.

அவள் போன பிறகு மீந்த கேசரியை எல்லோரும் சாப்பிட்டார்கள். நாச்சிமுத்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதற்குப் பிறகு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மனோஜுக்குப் பார்வை திரும்பவில்லை. இஞ்சினியரிங் படிப்பை விட்டுவிட்டான். ஒரு வருடம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தான். பிறகு கல்லூரியில் வரலாறு சேர்ந்தான். பாடத்தை நண்பர்கள் டேப்பில் படித்துப் பதிந்து கொடுத்தார்கள். பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். லோகப்பிரியாவைப் பார்க்க இன்னும் இரண்டு வீட்டார் வந்தார்கள். முதல் பேச்சிலேயே சாந்தாமணி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், அவர்களும் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. லோகப்பிரியா மேலே படிக்கப் போய்விட்டாள். கோபியிலிருந்து வந்த ஒரு வாத்தியார் மட்டும் டாக்டர் ஹுமேராவிடம் நேரில் போய் எல்லாம் கேட்டுவிட்டு, தன் அம்மாவோடு ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு அவளைக் கட்டினார். முத்தாத்தாள் கல்யாணத்துக்கு வந்தாள். சாப்பிட்டாள். யாரிடமும் பேசவில்லை.

அதற்கெல்லாம் முன்பே சாந்தாமணி வேறொரு வேலையைக் கையில் எடுத்திருந்தாள். அவள் அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அவளுக்குப் பெண்கள் இருந்தார்கள், அந்தப் பெண்களுக்குப் பையன்கள் இருந்தார்கள். டாக்டர் சொன்ன கணக்குப்படி அவர்கள் எல்லோருக்குள்ளும் அதே இழைமணிதான். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அந்தப் பையன்களில் ஒருத்தன் சிகரெட்டை ஊதித் தள்ளுகிறான் என்று காதில் விழுந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பவானியில் இறங்கி, ஊர் திரும்பியிருந்த மாமனைக் கூட்டிக்கொண்டு அந்தியூர் பஸ் ஏறினாள்.

சித்தி மகள் பாவாத்தாள் வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் வரவேற்றாள். நாச்சிமுத்துவை அடையாளம் கண்டதும் முகம் சுருங்கியது. சாந்தாமணி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அது இன்னும் இறுகியது.

"அபசகுனம் புடிச்ச பழமையைப் பேசிக்கிட்டு என்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கறயா? என்ற பசங்களுக்கு ஒண்ணுமில்லை. பொண்ணு கேட்டு வர்ற நேரத்துல ஊரைக் கூட்டாதே. போயிரு."

"போறேன் பாவா. பையனைப் பீடி சிகரெட்டைத் தொடவேண்டாம்னு மட்டும் சொல்லு. கண்ணுல சிவப்பு வெளுத்தாக் கோயமுத்தூர் டாக்டர்கிட்டக் கூட்டியா. உன்னையக் குத்தம் சொல்ல வரலை. உங்கம்மாவையும் இல்லை. நம்ம யாரும் தெரிஞ்சு குடுக்கலை."

பாவாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"என்ன அம்மணி, போலாமா?" என்றார் நாச்சிமுத்து.

"இருங்க மாமா." சாந்தாமணி சோளத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு சன்னல் பக்கம் போனாள். உள்ளே அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.